சித்திரை வெயில், சாயங்கால இடி: வாசகர் கேள்வி–பதில்

ஏப்ரல் பிறந்ததும் எனக்கு வரும் கடிதங்களில் பாதி வானத்தைப் பற்றியவை. வெயில் தாங்கவில்லை என்று ஒருவர், கார் தண்ணீரில் நின்றுவிட்டது என்று இன்னொருவர். கட்டுமானத் தளங்களில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். டவர் கிரேன் ஓடுகிற இடத்தில் வேலை பார்ப்பவனுக்கு வானத்தைப் பார்ப்பது தினசரி வேலை. அந்த அனுபவத்தையும் சிங்கப்பூர் வானிலை ஆய்வகம் வெளியிடும் தகவல்களையும் வைத்து இந்த முறை பதில் சொல்கிறேன்.

"பிற்பகலில் இடியுடன் கூடிய மழை" என்று தினமும் சொல்கிறார்கள். அதை நம்பித் துணியை உள்ளே இழுத்துவிட்டு உட்கார்ந்தால் ஒரு சொட்டுக்கூட விழுவதில்லை. அதே நேரத்தில் உட்லண்ட்சிலிருந்து என் தங்கை போன் போட்டு, "இங்கே கொட்டுது அக்கா" என்கிறாள். முன்னறிவிப்பை நம்பலாமா, கூடாதா?
— ஒரு வாசகி, ஈசூன்

தாராளமாக நம்பலாம் அம்மா. எந்த அறிவிப்பை எந்த வேலைக்கு வைத்துக்கொள்வது என்பதுதான் விஷயம்.

மார்ச் கடைசியிலிருந்து மே வரை நமக்கு இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட காலம். வடகிழக்குக் காற்று ஓய்ந்துவிடும், தென்மேற்குக் காற்று இன்னும் பிடித்திருக்காது. காற்று மந்தமாக இருப்பதால் காலை வெயிலில் நிலம் மளமளவென்று சூடேறும். கடல் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. நண்பகலில் கடற்காற்று நாலா பக்கமிருந்தும் தீவுக்குள் நுழையும். எதிரெதிரே வரும் காற்று எங்கே முட்டிக்கொள்கிறதோ, அங்கே ஈரக் காற்றுக்கு மேலே ஏறுவதைத் தவிர வேறு வழி கிடையாது. ஏறின ஈரம் குளிர்ந்து மேகமாகி, பத்துக் கிலோமீட்டருக்கும் மேலே கோபுரம்போல் எழும்பிவிடும். பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு நாம் பார்க்கும் கருமேகம் இதுதான். காலையில் எவ்வளவு புழுக்கமோ சாயங்காலம் அவ்வளவு இடி என்று பெரியவர்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது.

இந்த மாதிரி ஒரு மேகத்தின் அகலம் சில கிலோமீட்டர்தான். ஆயுளும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். உட்லண்ட்சில் கொட்டி ஈசூனில் காய்வதற்கு இது தாராளமாகப் போதும். காற்று எந்த இடத்தில் முட்டும் என்பது அன்றைய காலைக் காற்றையும் முந்தின நாள் பெய்த மழையின் ஈரத்தையும் பொறுத்தது. உங்கள் புளோக்குக்கு மழை வருமா என்று முந்தின நாள் இரவே சொல்ல யாராலும் முடியாது.

அதனால் இரண்டு வார முன்னோட்டத்தைப் பொதுவான திட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். துணி விஷயத்துக்கு இரண்டு மணி நேர முன்னறிவிப்பும் மழை ராடாரும்தான் சரி. ராடார் படம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். கனமழையைக் காட்டும் மஞ்சளும் சிவப்பும் உங்கள் பக்கம் நகர்கிறதா, இருந்த இடத்திலேயே கரைகிறதா என்று நான்கைந்து படங்களைச் சேர்த்துப் பாருங்கள். ஒரே படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

போனே இல்லாமலும் ஓர் அடையாளம் உண்டு. மழை கீழே விழும்போது மேலேயிருக்கும் குளிர்ந்த காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். அந்தக் காற்று தரையைத் தொட்டதும் மழைக்கு முன்னால் ஓடிவரும். மூங்கில் கழியில் ஒரு பக்கமாக ஆடிக்கொண்டிருந்த துணி திடீரென்று எதிர்ப்பக்கம் பறந்து, முகத்தில் ஜில்லென்று காற்று அடித்தால், அடுப்பை அணைத்துவிட்டு ஓடுங்கள். தளத்தில் சுற்றுவேலித் துணி அப்படித் திரும்பிப் படபடத்தால், வாக்கி டாக்கியில் நான் முதலில் கூப்பிடுவது கிரேன் ஓட்டுநரைத்தான்.

எங்கள் தளத்தில் சைரன் அடித்தால்தான் கீழே இறங்கச் சொல்கிறார்கள். சில நாள் சைரனுக்கு முன்பே மின்னல் கண்ணுக்குத் தெரிகிறது. இறங்கினால் சூப்பர்வைசர் திட்டுகிறார். வெயிலும் இந்த மாதம் மண்டையைப் பிளக்கிறது. ஓய்வு கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறதா?
— ஒரு தொழிலாளி, துவாஸ்

இறங்குங்கள் தம்பி. திட்டு வாங்கிக்கொள்ளலாம், உயிரைத் திரும்ப வாங்க முடியாது.

"கேட் ஒன்" என்று தளத்தில் சொல்வது நீங்கள் கேட்டிருப்பீர்கள். உங்கள் வட்டாரத்தில் மின்னல் அபாயம் அதிகம், திறந்தவெளி வேலை நிற்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம். சைரனும் விளக்கும் அதற்குத்தான். ஆனால் கருவி ஒரு பக்கம், கண்ணும் காதும் ஒரு பக்கம். மின்னலைப் பார்த்ததும் எண்ண ஆரம்பியுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்பது கணக்கு. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. அடுத்தது உங்கள் தலைக்கு மேலேயே இறங்கலாம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை மேலே ஏறாதீர்கள். மழை விட்டதும் ஏறுவதுதான் நம் ஆட்களிடம் இருக்கும் பழக்கம். மழை ஓய்ந்த பிறகும் மின்னல் அடிக்கும்.

ஒதுங்குகிற இடமும் முக்கியம். சாரத்துக்கு அடியில், கம்பிக் கட்டுக்குப் பக்கத்தில், மரத்தடியில், தார்ப்பாய்க் கொட்டகையில் நிற்கக்கூடாது. சுவரும் கூரையும் உள்ள கட்டடம், இல்லாவிட்டால் கண்ணாடி ஏற்றிய வண்டி. பள்ளத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு இன்னொன்று: பம்ப் போட்டுத் தண்ணீரை இறைத்துவிட்டார்கள் என்பதற்காக உடனே உள்ளே இறங்காதீர்கள். பக்கவாட்டு மண் ஊறிப்போயிருக்கும். பொறுப்பானவர் பார்த்துவிட்டுச் சரி என்ற பிறகுதான் கால் வைக்க வேண்டும்.

வெயிலுக்கு வருகிறேன். உங்களுக்கு உரிமை இருக்கிறது, மனிதவள அமைச்சின் விதியே இருக்கிறது. 2023 அக்டோபரிலிருந்து கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற வெளிவேலை இடங்களில் வெப்ப அழுத்தத்தை மணிக்கொரு தரம் அளக்க வேண்டும். அந்த அளவு 32ஐத் தொட்டால், கடும் உடலுழைப்புக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிடம் நிழலில் ஓய்வு. 33 ஆனால் 15 நிமிடம். இதைக் காற்றின் வெப்பநிலையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். போனில் 33 டிகிரி என்று காட்டுவது வேறு, இது வேறு. வெயில், ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் சேர்த்து உடம்பு படுகிற பாட்டைச் சொல்கிற அளவு இது. ஈரப்பதம் அதிகமானால் வேர்வை உலராது, உடம்பு ஆறாது. அதனால்தான் 32 என்பதே அபாயம்.

முக்காலியில் கறுப்பு உருண்டை வைத்த கருவி ஒன்று உங்கள் தளத்தில் இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஆள் வெயிலில் வேலை பார்க்க, கருவி கண்டெய்னர் ஆபிசின் நிழலில் நின்றால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. ஈரத் திரி உள்ள கருவியில் திரி காய்ந்திருந்தாலும் எண் தப்பாகத்தான் வரும். நான் காலையில் முதல் வேலையாகத் திரியைத் தொட்டுப் பார்ப்பேன்.

மணிக்கு 300 மில்லியாவது தண்ணீர் குடியுங்கள். ஊரிலிருந்து புதிதாக வந்த பிள்ளைகளுக்குக் குறைந்தது ஏழு நாள் கொஞ்சம் கொஞ்சமாக வேலையைக் கூட்ட வேண்டும். "நாங்கள் பார்க்காத வெயிலா" என்று முதல் நாளே கான்கிரீட் போடப் போகிற பையன்களைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்கும். ஊர் வெயில் வறண்டது. இங்கே புழுக்கம். பக்கத்தில் வேலை பார்க்கிறவன் உளறினாலோ, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, தள்ளாடினாலோ அது சோம்பல் இல்லை. நிழலுக்குத் தூக்குங்கள், 995ஐக் கூப்பிடுங்கள், சட்டையைத் தளர்த்தி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள், கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வையுங்கள்.

சூப்பர்வைசர் திட்டினால், திட்டின நேரத்தையும் அப்போது கருவி காட்டின எண்ணையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு பாதுகாப்பு அதிகாரியிடம் போங்கள். அவரும் கேட்கவில்லை என்றால் அமைச்சிடம் புகார் கொடுக்கலாம்.

கத்திரி வெயில் சிங்கப்பூருக்கும் உண்டா?
— ஒரு தாத்தா, தோ பாயோ

கத்திரி என்று நாள் குறிக்க இங்கே இடமில்லை ஐயா. மே மாதத் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் அக்னி நட்சத்திரம் ஆரம்பிப்பதற்குச் சில நாட்களுக்கு முன்னால்தான் சூரியன் சென்னைக்கு நேர் உச்சியைக் கடந்திருக்கும். நிலம் சூட்டைச் சேர்த்துவைத்துக்கொண்டு மே மாதத்தில் கக்கும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் மார்ச் 23 வாக்கில் ஒரு தரமும் செப்டம்பரில் ஒரு தரமும் நேர் உச்சிக்கு வரும். சுற்றிலும் கடல் இருப்பதால் சென்னைபோல் 40 டிகிரி இங்கே அடிப்பதில்லை. இதுவரை பதிவான உச்சம் 37 டிகிரி. 1983 ஏப்ரல் 17ஆம் தேதி தெங்காவிலும், நாற்பது ஆண்டு கழித்து 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவிலும் அதே அளவு பதிவானது. இரண்டுமே இந்தப் பருவத்தில் வந்தவை என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் வயதில் பகலைவிட இரவுதான் பார்த்துக்கொள்ள வேண்டியது. கான்கிரீட்டும் தாரும் பகலில் வாங்கின சூட்டை இரவெல்லாம் விடும். லிம் சூ காங் பக்கம் போனால் இரவில் ஆர்ச்சர்ட் ரோட்டைவிடப் பல டிகிரி குறைவாக இருக்கும். மாலையில் வெளிக்காற்று குளிர்ந்தபிறகு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். நீர் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் எவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

இவ்வளவு கால்வாய் வெட்டியும் அரை மணி நேர மழைக்கு புக்கிட் தீமா பக்கம் ரோட்டில் தண்ணீர் ஏறிவிடுகிறது. எங்கே போகிறது நம் வரிப்பணம்?
— ஒரு டாக்சி ஓட்டுநர்

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. வண்டி நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும். ஆனால் பணம் எங்கே போனது என்பதற்குப் பதில் இருக்கிறது.

1970களில் இந்தத் தீவில் வெள்ளம் ஏறக்கூடிய தாழ்நிலம் சுமார் 3,200 ஹெக்டர். இப்போது 30 ஹெக்டருக்கும் குறைவு. 1978 டிசம்பர் 2ஆம் தேதி பாய லேபாரில் ஒரே நாளில் 512 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அந்த வெள்ளத்தைப் பார்த்தவர்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். 2010 ஜூன் 16ஆம் தேதி ஆர்ச்சர்ட் ரோட்டில் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்த பிறகு, ஸ்டாம்ஃபர்ட் கால்வாயின் பாரத்தைக் குறைக்க இரண்டு வேலைகள் நடந்தன. ஒன்று, டயர்சால் அவென்யூவில் தரைக்கடியில் 38,000 கனமீட்டர் கொள்ளும் தொட்டி. இன்னொன்று, மேட்டுப் பக்கத்துத் தண்ணீரைச் சிங்கப்பூர் ஆற்றுக்குத் திருப்பும் இரண்டு கிலோமீட்டர்க் கால்வாய். இரண்டும் 2018இல் முடிந்தன. மரினா அணைக்கட்டில் ஒன்பது மதகும் ஏழு பம்பும் இருக்கின்றன. கடல் இறங்கியிருந்தால் மதகைத் திறந்து விடுவார்கள், ஏறியிருந்தால் பம்ப் வைத்து வெளியேற்றுவார்கள்.

அப்படியும் ஏன் தண்ணீர் ஏறுகிறது? மழையின் மொத்த அளவைவிட அது விழுகிற வேகம்தான் முக்கியம். நாள் முழுக்கப் பெய்ய வேண்டியது முக்கால் மணியில் விழுந்தால் எந்தக் கால்வாய்க்கும் ஒரு கட்டத்துக்கு மேல் விழுங்க முடியாது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் ஏழு விழுக்காடு கூடுதல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். உலகம் சூடேறச் சூடேற அந்த ஈரம் ஒரே மூச்சில் விழுவது அதிகமாகும். எல்லா மழைக்கும் போதுமான அகலத்தில் கால்வாய் வெட்ட வேண்டுமென்றால் ரோட்டுக்கும் வீட்டுக்கும் இடம் இருக்காது. கடல் ஏற்றமும் கனமழையும் ஒன்றாக வந்தால் தாழ்வான இடங்களில் நிலைமை இன்னும் மோசம். நம் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு கடல்மட்டத்திலிருந்து ஐந்து மீட்டர் உயரத்துக்குள்தான் இருக்கிறது.

நமது திடீர் வெள்ளம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வடிந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்தை உங்களால் தவிர்க்க முடியும். பொதுப் பயனீட்டுக் கழகம் கால்வாய்களில் நீர்மட்ட உணரிகள் வைத்திருக்கிறது. மட்டம் ஏறினால் எந்தச் சாலைச் சந்திப்பைத் தவிர்க்க வேண்டும் என்று டெலிகிராமில் செய்தி வரும். ஓட்டும்போது அதைப் படிக்க வேண்டாம். பயணி ஏறுவதற்கு முன் ஒரு பார்வை போதும். ரோட்டோரத்து வெள்ளைக் கோடும் நடைபாதை விளிம்பும் தண்ணீரில் மறைந்துவிட்டால் ஆழம் தெரியாது, உள்ளே விடாதீர்கள். என்ஜின் நின்றுவிட்டால் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் போடாதீர்கள். உள்ளே தண்ணீர் போயிருந்தால் அதோடு என்ஜின் போய்விடும்.

விடியற்காலை ஐந்து மணிக்கு மோட்டார்சைக்கிளில் கிளம்புகிறேன். சில நாள் ஆளையே தள்ளும் காற்றோடு மழை. பிற்பகல் மழை என்றுதானே சொல்கிறார்கள்?
— உணவு விநியோகம் செய்பவர், பூன் லே

அது வேறு மழை தம்பி. சுமத்ரா சூறைக்காற்று. இரவில் சுமத்ராவிலோ மலாக்கா நீரிணையிலோ உருவாகும் இடிமேகங்கள் வரிசை கட்டிக்கொண்டு கிழக்கே நகர்ந்து, விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் இடையில் நம்மைக் கடக்கும். ஏப்ரலிலிருந்து நவம்பர்வரை வரலாம். மேற்கிலிருந்து வருவதால் பூன் லேயில் இருக்கும் உங்களைத்தான் முதலில் தாக்கும். வழக்கமாகக் காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர்வரை வீசும். 1984 ஏப்ரல் 25ஆம் தேதி தெங்காவில் பதிவான 144.4 கிலோமீட்டர்தான் இதுவரை உச்சம். 2024 செப்டம்பர் 17ஆம் தேதி சாயங்காலமே ஒன்று வந்து, 83 கிலோமீட்டர் வேகத்தில் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது.

ராடாரில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். வடக்கு தெற்காக வில்போல வளைந்த சிவப்புக் கோடு மேற்கிலிருந்து வந்துகொண்டிருக்கும். கிளம்புவதற்கு முன் நெடுந்தூரம் காட்டும் ராடார் படத்தைப் பாருங்கள். கோடு ஜோகூரின் மேற்குக் கரையைத் தொட்டுவிட்டால் அது உங்களைக் கடந்து போகும்வரை கிளம்பாதீர்கள். வழியில் மாட்டிக்கொண்டால் மேம்பாலத்துக்கு அடியில் சாலையோரத்தில் நிற்காதீர்கள். பின்னால் வரும் லாரிக்குக் கண் தெரியாது. அடுத்த வெளிவழியில் இறங்கி ஒரு புளோக்கின் கீழ்த்தளத்துக்குப் போய்விடுங்கள். சோறு ஆறினால் வாடிக்கையாளர் ஒரு நட்சத்திரம் குறைப்பார், அவ்வளவுதான்.

என் மகன் அமெரிக்காவில் டல்லாசில் படிக்கிறான். குளிர் முடிவதற்கு முன்பே அங்கே இந்த ஆண்டு வெயில் கூடிவிட்டது என்றான். இப்போது டொர்னேடோ, வெள்ளம் என்று போன் அலறுகிறதாம். நம் ஊரில் அந்த மாதிரி ஏன் வருவதில்லை?
— ஒரு தாய், தெம்பனிஸ்

அங்கே வசந்த காலத்தில் தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வெதுவெதுப்பான ஈரக் காற்றும், மேற்கிலிருந்து வறண்ட காற்றும், வடக்கிலிருந்து குளிர்காற்றும் ஒரே சமவெளியில் சந்திக்கின்றன. தரைக்காற்று ஒரு திசை, மேல்காற்று வேறு திசை, வேறு வேகம். மேகமே சுழல ஆரம்பித்துவிடும். வெயில் முன்கூட்டியே வந்தால் ஈரக் காற்றும் முன்கூட்டியே வடக்கே ஏறும். புயலும் சீக்கிரம் ஆரம்பிக்கலாம்.

நம்மிடம் குளிர்காற்று கிடையாது. மேலும் கீழும் காற்று அவ்வளவு முரண்படுவதும் இல்லை. கடலில் நீர்த்தாரைச் சுழல்கள் எப்போதாவது எழும். நிலநடுக்கோட்டருகே பூமிச் சுழற்சியின் விசை குறைவாக இருப்பதால் பெரும் புயலும் அரிது. ஆனாலும் 2001 டிசம்பரில் வாமெய் என்ற புயல் நமக்குப் பக்கத்திலேயே உருவாகி ஜோகூரில் கரையேறியது.

மகனிடம் இதைச் சொல்லுங்கள். "வாட்ச்" என்று செய்தி வந்தால் புயல் வரக்கூடிய சூழ்நிலை, தயாராக இருக்க வேண்டும். "வார்னிங்" என்றால் ராடாரிலோ கண்ணிலோ பட்டுவிட்டது. அந்த நிமிடமே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத உள்ளறைக்குப் போக வேண்டும். இரவில் போனைச் சத்தமில்லாமல் வைக்கவே கூடாது. ஓடுகிற தண்ணீர் 30 சென்டிமீட்டர் இருந்தாலே சிறிய காரைத் தூக்கிவிடும், அதனால் தண்ணீர் ஓடும் ரோட்டில் வண்டியை விட வேண்டாம்.

மே மாதம் தங்கை கல்யாணம். புளோக்குக்குப் பக்கத்துத் திடலில் பந்தல் போட்டு மாலை ஆறு மணிக்கு வரவேற்பு. மழை வருமா?
— ஒரு வாசகர், செங்காங்

இன்றைக்கே யாரும் சொல்ல முடியாது. அந்தப் பருவத்தில் பிற்பகல் மழை சகஜம் என்று வைத்துக்கொண்டே ஏற்பாடு செய்யுங்கள். முடிந்தால் வரவேற்பை ஏழரைக்குத் தள்ளுங்கள், பிற்பகல் இடி அதற்குள் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். பந்தல்காரரிடம் கால்களுக்குக் கனமான எடை கட்டச் சொல்லுங்கள், கயிறு மட்டும் போதாது. மின்கம்பியும் ஒலிபெருக்கி இணைப்பும் புல்தரையில் கிடக்கக்கூடாது. சமையல் அடுப்பைப் புளோக் ஓரமாக, காற்று அடிக்காத பக்கம் வையுங்கள். நண்பகல் வந்ததும் ராடாரைப் பார்க்கிற பொறுப்பை ஒரே ஆளிடம் கொடுங்கள். இடி கேட்டால் விருந்தாளிகளைப் பந்தலில் இருக்கவிடாமல் கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போகிற பொறுப்பும் அவருடையதுதான். தங்கைக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.